மின்சார ரயிலுக்கு மீன் ஐஸ்

சிலருக்குக் கோபம் காலப்போக்கில் ஆறிவிடும். எனக்கு ஆறுவதில்லை. அந்த விழாவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. நான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிப்பிக்கத் தொடங்கிய புதிது (உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நம்பிய காலம்). மின்சார ரயில் பிரேக் பிடிக்கும்போது அதன் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தரும். அதை வீணாக்காமல் மீக்கடத்திச் சுருளில் சேமித்து, ரயில் மறுபடி புறப்படும்போது கொடுக்கலாம். கடுங்குளிரில் அந்தச் சுருளுக்கு மின்தடையே இல்லை; விட்ட மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைக் காட்டச் சின்னச் சுருள் ஒன்றும் திசைகாட்டியும் கொண்டுபோனேன்; சுருளில் மின்சாரம் சுற்றும்வரை முள் வடக்கை விட்டுச் சுருள் பக்கம் திரும்பி நிற்கும். (எங்களூருக்கு வருவது டீசல் ரயில் என்பது வேறு கதை.)

பூச்சியத்துக்குக் கீழே இருநூறு பாகையளவு குளிர்; அதற்குத் திரவ நைதரசன் வேண்டும். தந்தவர் அக்காவின் கணவர். சித்தாண்டிப் பக்கம் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர். காளை விந்தை அதில்தான் வைத்திருப்பார். ஒரு குடுவையில் ஊற்றித் தந்து, "வெளிய வெச்சா ஆவியாப் போயிரும். கெதியா முடிச்சிரு" என்றார் அத்தான்.

கெதியாகவா? காலையில் வரவேண்டிய பிரதம அதிதி மத்தியானம் சாய்ந்த பிறகு வந்தார். மாலை, பொன்னாடை, வரவேற்பு நடனம், அதன்பின் அவருடைய பேச்சு. மட்டக்களப்புக்கு மின்சார ரயில் கொண்டுவரப் போகிறாராம். குடுவையின் வாயில் வெண்புகை மெலிந்துகொண்டே போனது. பாடசாலை அதிபருக்குக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

என் முறை வந்தபோது ஒரு சொட்டும் இல்லை. சுருளுக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தியதுமே திசைகாட்டி முள் வடக்குக்குத் திரும்பிவிட்டது. காலையிலிருந்து பசியோடு காத்திருந்த மாணவிகள் என்னையே பார்த்தார்கள். குளிர் போய்விட்டது என்று ஒலிவாங்கியில் விளக்கினேன்.

அதிதி எழுந்து வந்தார். "அதுக்கென்ன தங்கச்சி, ஐஸ் போட்டாச் சரிதானே?"

யாரோ சந்தைக்கு ஓடி ஒரு பெட்டி ஐஸோடு வந்தார்கள். அதில் இறால் மீசை ஒட்டியிருந்தது.

"இது மீனில்ல ஐயா," என்றேன். ஒலிவாங்கி வாய்க்கு முன்னால் இருந்தது. மண்டபமே சிரித்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தபடி, ஐஸ் முழுவதையும் என் சுருளின் மேல் கொட்டினார். படம் எடுத்தார்கள். மின்சார ரயில் திட்டத்தை அவர் ஆரம்பித்துவைத்ததாக முகநூலிலும் போட்டார்கள்.

நாறும் சுருளைப் பையில் திணித்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

படத்தில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் நான், அவரைக் கடித்துத் தின்னப்போகிறவள் மாதிரி. அக்கா அதைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டாள். அவளுடைய மகள் சோற்றை அளைந்துகொண்டிருந்தால் அத்தான் சுவரைக் காட்டுவார்: "சின்னம்மா பாக்கிறா, மகள்."

பிள்ளை தட்டை வழித்துத் தின்கிறாள்.