ஜன்னல் வழியே வளர்ந்த நட்பு

இரு நாடுகளின் நட்பை ஒரு கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், அதைச் சாவியால் மட்டும் திறந்துவிட முடியாது. மலாவியின் தென்கோடியில், ஷீரே ஆற்றங்கரைக் கிராமத்தின் தலைவி எஸ்னாத்தி சிமொம்போவுக்கு இந்த ராஜதந்திர உண்மை தெரியாமல் இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டி முடிந்திருக்கிறது, மகள் ஃபலேசிக்கு மாதம் நெருங்கிவிட்டது என்பதுதான்.

கட்டிக் கொடுத்தது ஐரோப்பாவின் ஒரு குளிர்நாடு. பெயரைச் சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள். பிறகு அந்த வருத்தத்துக்கும் ஒரு நிதி ஒதுக்குவார்கள். வேண்டாம்.

அறுவடை முடிந்ததிலிருந்தே கதவில் பட்டு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. தூதரும் அமைச்சரும் சேர்ந்து வெட்ட வேண்டிய ரிப்பன். முதலில், நட்பின் பொன்விழா வரட்டும் என்று காத்திருந்தார்கள். பொன்விழா வந்தபோது தூதர் மாறிப்போனார். புதிய தூதர் வந்தபோது அவர் நாட்டில் பிரசவத்துக்கு மவுசு போய்விட்டது, பருவநிலைக்கு வந்திருந்தது. ஆகவே பெயர்ப்பலகை அழிக்கப்பட்டு, ‘பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் மகப்பேற்று மையம்’ என்று புதிதாக எழுதப்பட்டது.

“அப்படின்னா என்னங்கய்யா?” என்று எஸ்னாத்தி, சாவிக்குப் பொறுப்பான திட்ட அதிகாரி கம்பிண்டாவிடம் கேட்டாள்.

“மழையோ வெயிலோ, எதுலயும் இங்க பிரசவம் நடக்கும்னு அர்த்தம்மா.”

“இப்ப எதுலயுமே நடக்கலையே.”

“அது தாங்கறதுக்கு முந்தின கட்டம்.”

நர்ஸைக்கூட நியமித்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகுதான் அவளுக்கு வேலை என்பதால், மாமரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள், வெள்ளைக் கையும் கறுப்புக் கையும் குலுக்கிக்கொள்ளும் படம் அச்சிட்ட துணியை இடுப்பில் சுற்றி, வரவேற்பு நடனம் பழகினார்கள். விழா தள்ளிப்போகும்போதெல்லாம் ஒத்திகைக்கு மட்டும் பேட்டா வந்தது. ஆகவே யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. எஸ்னாத்தியும்தான்.

மழை வந்தது. ஆறு கரையை மறந்தது. அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தோணி விட யாரும் தயாராக இல்லாத ஒரு காலையில் ஃபலேசிக்கு வலி கண்டது. முதல் பிள்ளையை அந்த ஆற்றின் நடுவே, தோணியில் பெற்றுத் தோணியிலேயே பறிகொடுத்தவள் அவள். தண்ணீரின் சத்தம் கேட்டதுமே காதைப் பொத்திக்கொண்டாள்.

நாலு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். கம்பிண்டா குடையோடு நின்றிருந்தார்.

“சாவியைக் குடுங்கய்யா,” என்றாள் எஸ்னாத்தி.

“சாவி இருக்கும்மா. அதிகாரம்தான் இல்லை.”

“செங்கல் நாங்க சுட்டது. மணல் எங்க தலையில வந்தது.”

“அதுக்குப் பேரு மக்கள் பங்களிப்பு. அது முடிஞ்சுபோச்சு. திறக்கிறது ரெண்டு நாடு செய்யவேண்டிய காரியம்.”

“ரெண்டு நாடும் வர்றவரைக்கும் இவ முக்காம இருக்கணுமா?”

“நான் அப்படிச் சொல்லலை. உத்தரவுல உங்க மகளைப் பத்தி ஒண்ணுமே இல்லை.”

ஃபலேசி முனகினாள். எஸ்னாத்தி கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள்.

“கதவைத் திறக்கக் கூடாதுன்னுதானே உத்தரவு? ஜன்னலைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க?”

கம்பிண்டா யோசித்தார். படித்த மனிதர், நேர்மையாகவே யோசித்தார்.

“ஜன்னலைப் பத்தி ரெண்டு அரசாங்கமும் மௌனமா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, சாட்சியாகிவிடாமல் இருக்க ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைகுலுக்கும் துணிகளை முடிந்து ஏணை கட்டி, ஃபலேசியை ஜன்னல் வழியே இறக்கினார்கள். பின்னாலேயே நர்ஸும் குதித்தாள். “நான் இன்னும் வேலையில சேரலைன்னு ஞாபகம் வச்சுக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினாள். கட்டிலின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலுக்கு நடுவே, ஒரு பெண் குழந்தை தன் பங்குக்குக் கத்தியது.

செய்தி தலைநகரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பயன்படுத்தாத கட்டடத்தைத்தான் திறந்துவைக்க முடியும், இதுவோ பயன்பட்டுவிட்டது. திறக்காத கட்டடத்தைப் பயன்படுத்தவும் முடியாது. ஆகவே கதவு, இரு அரசுகளும் மேற்கொண்டு கலந்து பேசும்வரை மூடியே இருக்கும் என்று முடிவாயிற்று.

ஆனால் ஜன்னல் தூதரின் மனதைத் தொட்டுவிட்டது. ‘உள்ளூர்ப் பெண்களின் சுயமான கண்டுபிடிப்பு’ என்று அவர் எழுத, குளிர்நாடு உருகியது. ‘ஜன்னல்வழி மகப்பேறு’ என்று புதிய திட்டம் பிறந்தது. ஆராய ஆட்கள் வந்தார்கள், ஜன்னலை அளந்தார்கள், வெளியே சரிவுப் பாதை அமைக்க நிதி ஒதுக்கினார்கள். ஜன்னல் மேலாண்மைக் குழு அமைந்தது. தூக்கிய நாலு பேரும் உறுப்பினர்கள். தலைவி எஸ்னாத்தி.

அவளை விமானத்தில் குளிர்நாட்டுக்கே அழைத்துப் போனார்கள். கண்ணாடி மண்டபத்தில் அவள் ஜன்னலைப் பற்றிப் பேசினாள். கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே சத்தமே இல்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருக்கவில்லை. மறுநாள் பகலில், பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வலியெடுத்த தன் மருமகளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தாள். குழுவினர் நாலு பேரும் மாமரத்தடியில் நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எஸ்னாத்தி நடுவில், குளிர்நாட்டின் கம்பளிக் குல்லாயோடு.

“அக்கா, கொஞ்சம் கை குடுங்களேன். தூக்கி உள்ள விட்டுரலாம்,” என்றாள் வந்தவள்.

நாலு பேரும் எஸ்னாத்தியைப் பார்த்தார்கள்.

“விடலாந்தான். ஆனா முதல்ல குழு கூடணும்,” என்றாள் அவள்.

“குழுவே இங்கதானே உட்கார்ந்திருக்கு.”

“உட்கார்ந்திருக்கோம். கூடலை,” என்றாள் எஸ்னாத்தி, பொறுமையாக. “கூடறதுக்குப் பேட்டா இன்னும் வரலை.”