டோர்ச்சுக்குள் ஓர் இராச்சியம்

நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். வட்டையில் கிடக்கும் ரெண்டு ஏக்கர் வயலை விற்பது. என் மாயாஜாலக் கதையைப் புத்தகமாக அச்சடிப்பது.

ஒன்பது வருசமாக எழுதிய கதை. அதில் இராட்சதர் மட்டும் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் நானே பேர் வைத்தேன். என் இரண்டு மகள்மாருக்குப் பேர் வைத்தது மனைவி சீதேவிப்பிள்ளை. எனக்கு நேரமில்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது. இளையவளை வல்லிபுரம் அண்ணன் தன் தங்கச்சி மகனுக்குக் கேட்டு ஆறு மாதம். "வயல் சின்ன மகளுக்குத்தானே, கதிர்காமத்தம்பி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடும்.

"அந்த மனிசனுக்கு ஒரு வாய்ச்சொல் குடுத்தா என்ன?" என்றாள் சீதேவி.

"கதை முதல்ல அச்சுக்குப் போகட்டும்."

"உங்கட ராசகுமாரிக்கு நாலாம் பக்கத்திலயே கலியாணம் முடிச்சிட்டீங்க."

"அவளுக்கு ஒரு மந்திரவாதி உதவி செஞ்சான்."

"எங்கட புள்ளைக்குத் தகப்பன் மட்டும்தானே இருக்கார். அதுதான் எனக்குக் கவலை."

கதைக்கு ஒரு படமும் கீறியிருந்தேன். இராச்சியத்தின் வரைபடம். அரக்கன் கோட்டை, வெடிமருந்துக் கிடங்கு, இரகசியச் சுரங்கம், படை இறங்கும் துறை, சந்திரத் தடாகம். எல்லாம் பென்சிலில், அம்புக்குறியோடு.

அதைப் பார்த்ததும் சீதேவி நெஞ்சில் கைவைத்தாள். "அம்மாளே. இதை வச்சுக்கொண்டா பாலத்தடி ஆமிச் சென்றியைத் தாண்டப் போறீங்க?"

"இது கற்பனை புள்ள."

"அவங்கள் அடிச்சா அது கற்பனையா இருக்குமா? எரிச்சிடுங்க."

"எரிச்சிட்டன்," என்று மறுநாள் சொன்னேன். எரிக்கவில்லை. படமில்லாத இராச்சியத்தை யார் நம்புவார்? சுருட்டி டோர்ச்சுக்குள் போட்டு மூடினேன். சண்டைக் காலம்; எங்கள் பக்கத்துக்குப் பற்றறி வர ஆமி தடை. வீட்டுக்கு வீடு டோர்ச் வெறுங்குழலாகத்தான் கிடந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் புறப்பட்டேன். சீதேவி கண்ணகி அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, என் நெற்றியில் திருநீறு பூசினாள். "தனியப் போகாதீங்க. வல்லிபுரம் அண்ணனும் டவுணுக்குப் போறாராம். சேர்ந்து போங்க."

சேர்ந்து போனோம். எனக்கு வழி முழுக்க இருமல்.

சென்றியில் சோதனை வரிசை. என் முறை வந்தது. சிப்பாய் கதைக்கட்டைப் புரட்டினான், வைத்தான். டோர்ச்சை எடுத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பற்றறி தடையென்றால் அவன் முதலில் திறந்து பார்ப்பது எதை?

திறந்தான். பற்றறி வரவில்லை. இராச்சியம் வந்தது.

சிப்பாய் அதை உற்றுப் பார்த்தான். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவரைக் கூப்பிட்டான். அவர் படத்தை விரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நெல்லுக் களஞ்சியம்."

நான் கண்ணைத் திறந்தேன்.

"மாட்டுப்பட்டி. வாய்க்கால். தோணித்துறை. தாமரைக் குளம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மேலே, 'எங்கட சின்ன மகளின் சீதனக் காணி'. இது உன் காணியா?"

ஐந்தாம் வகுப்பு வரை படித்த சீதேவியின் கையெழுத்து. உருண்டை உருண்டையாக. இறப்பரால் அழித்த இடமெல்லாம் மினுங்கியது.

இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது? அரக்கன் கோட்டை என்றா?

"ஓம் ஐயா. என்ட காணிதான்."

"எல்லாம் மகளுக்கா?"

"எல்லாம் மகளுக்குத்தான் ஐயா."

"நல்ல தகப்பன்," என்று டோர்ச்சைத் திருப்பித் தந்தார். என் முதுகுக்குப் பின்னால் யாரோ சந்தோசமாகச் செருமினார்கள். வல்லிபுரம் அண்ணன். டவுணுக்கு அவர் வரவில்லை. அப்படியே திரும்பி நடந்துவிட்டார்.

விற்க வயலில்லாமல் அச்சகத்துக்குப் போய் என்ன செய்ய? நானும் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் பாய். பாயில் வல்லிபுரம் அண்ணன், அவருடைய தங்கச்சி, ஒரு தட்டு வெத்திலை.

சீதேவியை அடுப்படிக்கு இழுத்தேன். "டோர்ச்சுக்க கிடந்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பற்றறி இல்லாத டோர்ச்சைப் பட்டப்பகல்ல துடைச்சுத் துடைச்சு வைக்கிற ஆளை வேற எங்க கண்டிருக்கு?"

"எடுத்து எரிச்சிருக்கலாமே."

"மறுகா இன்னொண்டு கீறியிருப்பீங்க. சென்றியில உங்களைக் காப்பாத்தவும் வேணும், புள்ளையைக் கரை சேர்க்கவும் வேணும். அம்மாளிட்ட ரெண்டையும் ஒண்டாத்தான் கேட்டன்." தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க கதையை எழுதுங்க. எழுதுறதுக்கு வயல் தேவையில்லயே."

முற்றத்தில் வல்லிபுரம் அண்ணன் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி, தம்பி. அந்த வட்டையில நான் நாப்பது வருசம் வேளாண்மை செஞ்சவன். தாமரைக் குளம் ஒண்டு கண்டதில்லையே?"

நான் வாயைத் திறக்குமுன் சீதேவி பணிவாகச் சொன்னாள்:

"அது இவர் நாளைக்குத்தான் வெட்டத் தொடங்குறார், அண்ணே."