மாப்பிள்ளையின் ஆம்ப்ளிஃபையர் உயிர் பிழைத்த விவரம்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் வெளியூர் வேலைக்குப் போகும்போது கிட்டாரோடு எங்கள் வீட்டில் விட்டுச்சென்ற ஆம்ப்ளிஃபையரும் தற்போது சுகம். நடுவில் அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததும், தாங்கள் தொலைபேசி வழியாகவே அதைப் பிழைக்க வைத்ததும் தாங்கள் அறிந்ததே. ஆனால் அன்றைக்கு நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் சொல்லி முறைப்படி நன்றி தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில், அனுமதி கேட்காமல் தங்கள் கிட்டாரைத் தொட்டதற்கு மன்னிக்கவும். வேலை பார்த்த காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டியே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் அதே அமைதி இருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாகிவிட்டது. கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். வெறுமனே மீட்டினால் கொசு முனகுவது போல இருந்தது, ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன், அது என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டது. அதிலிருந்து உங்கள் அத்தை கடைக்குப் போகிற நேரமெல்லாம் என் நேரம். வாசலில் மணி அடித்தால் படக்கென்று அணைப்பேன், வந்த ஆள் போனதும் போடுவேன், மறுபடி மணி, மறுபடி அணை. இப்படியே போட்டுப் போட்டு அணைத்ததில் ஒரு நாள் அதன் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் குழந்தையைக் கீழே போட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். பழைய ரேடியோவைத் தட்டுவது போல அதன் தலையில் தட்டினேன். பிளக் பாயிண்ட் சரியில்லையோ என்று அடுத்த அறைக்கு இழுத்துப் போனேன், வழியில் அது என் கட்டைவிரல்மேல் ஒரு தடவை இறங்கியது. அங்கே இருந்த மேசை விளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினேன், எரியவில்லை, விளக்கை மறுபடி சொருகினேன், அது எரிந்தது, எனக்கு விளக்கின் மேல் கோபம் வந்தது. உங்கள் அத்தை கடையிலிருந்து வந்து என்ன நடக்கிறது என்று கேட்டாள். தூசி தட்டுகிறேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தூசி தட்டி அவள் பார்த்ததில்லை, நேரே போய் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மகள் உங்களிடம் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, உண்மையைச் சொன்னால் ஆம்ப்ளிஃபையர் செத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய கலக்கம். நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் போன்ல என்ன பேசியிருக்கோம்? சாப்பிட்டீங்களான்னு நீங்க, ஆச்சுன்னு நான், இதோ அவகிட்ட தர்றேன்னு நீங்க. அவ்வளவுதானே. மாப்பிள்ளை என்ன திட்டுத் திட்டப் போறாரோன்னு இருந்தேன். நீங்க திட்டவே இல்ல. இப்ப கையில என்ன வெச்சிருக்கீங்கன்னு மட்டும் கேட்டீங்க. பின்பக்கத்தைக் கழட்ட ஸ்க்ரூட்ரைவர் வெச்சிருக்கேன்னேன்.

"மாமா, அதைக் கீழ வைங்க. முதல்ல வைங்க. பிளக்கைப் பிடுங்கிட்டாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும். ஆம்ப் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

வெச்சுட்டேன். அந்தக் குரல்ல என்கிட்ட யாரும் பேசி ரொம்ப நாளாச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னீங்க. ஒயர்லதான் கோளாறோன்னு கம்ப்யூட்டரோட கரண்ட் ஒயரை மாட்டிப் பார்க்கச் சொன்னீங்க, அதுலயும் எரியல. அப்ப பிளக்கைப் பிடுங்கிட்டு, ஒயர் சொருகுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி மூடியைத் திறக்கச் சொன்னீங்க. உள்ள ஒரு கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள இருந்த கம்பி கருகிப் போயிருந்தது. ஃபியூஸ் போயிருக்கு மாமா, அது போனதாலதான் மத்தது பிழைச்சிருக்குன்னீங்க. அதை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, விழுந்த பல்லைக் கொண்டு போற மாதிரி எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் இதைவிட கனமானது தர்றேன், சாகும்வரைக்கும் போகாதுன்னார். யார் சாகும்வரைக்கும்னு கேட்டேன். அதே நம்பர்தான் வேணும்னு நீங்க சொல்லி அனுப்பினதை, ஏதோ நானே கண்டுபிடிச்ச மாதிரி அவருக்கு விளக்கிட்டு வந்தேன்.

வந்ததும் மறுபடி உங்களைக் கூப்பிட்டேன். புதுசைப் போட்டதும் விளக்கு எரிஞ்சுது. சத்தம்தான் வரல. கண்ணுல பட்ட குமிழை எல்லாம் கடைசிவரைக்கும் திருப்பினேன், அப்பவும் வரல. கிட்டார்லயே ஒரு குமிழ் இருக்கே, அது எங்க இருக்குன்னு நீங்க கேட்டீங்க. அது சுத்தமா மூடியிருந்தது. ஆம்ப்ளிஃபையர்ல எல்லாம் உச்சத்துல இருக்குன்னு நான் சொல்லல, நீங்களும் கேட்கல. திருப்பிட்டு, கம்பி மேல கையை ஒரே இழுப்பா இழுத்தேன்.

அந்தச் சத்தத்துல கடகடன்னு ஆடின அலமாரிக் கண்ணாடி இன்னும் அதைப் பத்தி நினைச்சுக்கிட்டிருக்கு. உங்க அத்தை ஓடிவந்து என் நாடியைப் பிடிச்சுப் பார்த்தா. எனக்குக் காது அடைச்சுப் போச்சு, அது தெளிஞ்சதும் முதல்ல கேட்டது உங்க சிரிப்பு. போன்ல விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. உங்களுக்கு இப்படிச் சிரிக்க வரும்னு எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. எனக்கும் வந்துடுச்சு.

அதுக்கப்புறமும் போனை வைக்காம பேசினோமே, அதுக்குத்தான் இந்த நன்றி. இங்க இருந்தப்ப மாமாவுக்குச் சத்தம் ஆகாதுன்னு ஹெட்போனை மாட்டிக்கிட்டே வாசிச்சேன்னீங்க. அன்னிக்குச் சொல்லாததை இங்க எழுதறேன். நீங்க வாசிக்கும்போது கதவுக்கு வெளிய பேப்பர் படிக்கிற மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வெறும் கம்பிச் சத்தம்தான் லேசா வரும். கொஞ்சம் சத்தமா வாசிங்கன்னு சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சே, நீங்க ஊருக்குப் போற நாள் வந்துடுச்சு.

என் மகளுக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குத் தூங்கி, சத்தமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா

பி.கு.: ஆம்ப்ளிஃபையர் சுகம் என்று மேலே எழுதியதை ரத்து செய்யவும். இன்று காலையிலிருந்து மறுபடி விளக்கு எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கூப்பிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லவும். பிளக் கீழே கிடக்கிறது, எடுத்துச் சொருகுங்கள் என்கிறாள் உங்கள் அத்தை. கரண்ட் விஷயம், நீங்கள் சொல்லாமல் நான் தொடுவதாக இல்லை.