காக்காய் தின்ற உப்புக்கண்டம்

இந்த வருஷம் உப்புக்கண்டத்தைக் கொடியில் காயும்போதே தின்றுவிடுவது என்று நான் தீர்மானம் நிறைவேற்றினேன். காங்கிரஸ் மகாசபை கூடி நிறைவேற்றுகிற தீர்மானத்துக்குக் கொஞ்சமும் குறையாத தீர்மானம். ஒரே ஒரு வித்தியாசம். மகாசபைத் தீர்மானத்தை வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே படிக்கலாம். என் தீர்மானத்தை என் பெண்டாட்டி காதில் விழாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் தீர்மானமே அவளுக்கு எதிராகத்தான். பெயர் மொக்கம்மாள். அவள் சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் பஞ்சாங்கத்தில்தான். எந்தப் பொருளையும் அது விளைகிற காலத்தில் எங்களைத் தின்ன விடமாட்டாள். மாங்காய்க் காலத்தில் மாங்காய் முழுவதும் வத்தலாகிப் பானைக்குள் போய்விடும். "மழைக்கு வேணும்ல?" என்பாள். மழைக்காலத்தில் பானைப் பக்கம் கண்ணை ஓட்டினால், "கோடைக்கு வேணும்ல?" என்பாள். கத்தரிக்காய், சுண்டைக்காய், சீனியவரைக்காய் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஊரில் எல்லோரும் சித்திரை மாதத்தில் சித்திரை மாதத்தைச் சாப்பிடுவார்கள். நான் போன ஐப்பசியைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் அவளுக்குத் துணையாக ஜப்பான்காரன் வேறு வந்து சேர்ந்தான். அவன் பர்மாவைப் பிடித்தான். பர்மா அரிசி நின்றது.

"ரங்கூனே போயிருச்சாம். இனி ஒரு வத்தலக்கூட வீணாக்கக் கூடாது" என்று பானை மூடிகளின் மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தாள் மொக்கம்மாள். ரங்கூனுக்கும் எங்கள் சுருளிப்பட்டிச் சுண்டவத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவாள்.

பங்குனியில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டினோம். கறி விஷயத்தில் நான் லேசுப்பட்டவன் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு துண்டை வாயில் போட்டால் போதும், ஆடு எந்தக் கரட்டில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். பந்தியில் நான் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அப்படிப்பட்டவன் இலையில் அன்று விழுந்தது எலும்பும் சாறும். சதை முழுவதையும் மெல்லிசாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, கொல்லையில் வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"கறி எங்க?"

"காயுது."

"எப்பத் திங்கிறது?"

"கார்த்திகை அடைமழைக்கு. அப்ப ஒரு காய் கிடைக்குமா? வெளிய தலை காட்ட முடியுமா? பிள்ளைக வாய்க்கு ருசியா என்னத்தப் போடுறது? அதுக்குத்தான்."

"கார்த்திகை வரைக்கும் நான் உசுரோட இருக்கணும்ல?"

"இருப்பீக. கறியக் கொறைச்சுத் தின்னா ஆயுசு கெட்டி."

எனக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்று ஜாதகம் பார்த்தவர் எப்போதோ சொன்னார். அது உப்புக்கண்டம் என்று அவர் சொல்லவில்லை.

கொடி கட்டிய மறுநாளே வரப்பில் வழுக்கி என் கால் பிசகியது. சத்தியமாகத் தானாகப் பிசகியதுதான். ஆனால் பிசகிய காலை நான் வீணாக்கவில்லை. மொக்கம்மாளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு எதையும் வீணாக்க மனசு வராது.

"நாந்தான் வீட்டோட கெடக்கேனே. கொல்லையில உக்காந்து கண்டத்துக்குக் காவல் இருக்கேன்" என்றேன்.

மொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். கண்டத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து என் கையில் கொடுத்தாள். "காக்கா வரும். பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனாள்.

காக்காய்! அந்த ஒரு சொல்லில் எனக்கு வழி திறந்துவிட்டது. மொக்கம்மாள் பிறந்த ஊர் குச்சனூர். அந்த ஊர்ச் சாமி சனீஸ்வரர். அவருக்கு வாகனம் காக்காய். சுவர் மேல் காக்காய்க்கு முதல் கவளம் வைக்காமல் எங்கள் வீட்டில் யார் இலையிலும் சோறு விழாது. அவள் ஒரு காக்காய் மேல் கல்லெறிந்து நான் பார்த்ததே இல்லை. கண்டத்தை நான் தின்றால் குற்றம். காக்காய் தின்றால் பிரசாதம்.

அடுப்பில் கங்கு இருந்தது. கொடியின் வடக்கு ஓரத்தில் இருந்த துண்டுகளை உருவி, குச்சியில் குத்திச் சுட்டேன். நொண்டிக்கொண்டே போய் மரத்தடியில் உட்கார்ந்து தின்றேன். கரட்டில் மேய்ந்த கிடாதான், சந்தேகமே இல்லை.

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, என்னமோ கறி சுடுற வாடை அடிக்குதே?"

"காத்து தெக்கேருந்து அடிக்குது தாயி."

"தெக்க சுடுகாடுல்ல இருக்கு?"

நான் கால் வலிப்பதாக முனகினேன்.

சாயங்காலம் மொக்கம்மாள் வந்தாள். முகம்கூடக் கழுவவில்லை, நேராகக் கொடிக்குப் போனாள்.

"வடக்கு ஓரம் காலியாக் கெடக்கு?"

"காக்கா."

"வேப்பங்கொப்பு குடுத்தேன்ல, வெரட்டலையா?"

"ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே அந்தரத்துல நின்னுருச்சு. உங்க ஊருச் சாமி வாகனமாச்சே! அடிச்சா நமக்கு ஆகுமா, உங்க அண்ணன் வீட்டுக்குத்தான் ஆகுமா?"

மொக்கம்மாள் குச்சனூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்ல காரியம் செஞ்சீக" என்றாள். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவள் அண்ணன் ஒச்சாண்டி வண்டியோடு வந்தார். குமுளிப் பக்கம் பாரம் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழி. ஒரு சாக்கு நிறையப் பலாப்பிஞ்சு இறக்கிவிட்டுப் போனார். அதில் ஒன்றே ஒன்றுதான் பொரியலாக வந்தது. மிச்சம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது.

நடுவில் கால் நன்றாக வீங்கிவிட்டது. பாயை விட்டு எழ முடியவில்லை. காக்காய்க்கும் லீவு. வீக்கம் வடிந்து நான் காவலுக்குத் திரும்பியபோது கண்டம் நன்றாகக் கறுத்துச் சுருண்டிருந்தது. சுட்டுத் தின்றேன். நார் கொஞ்சம் கூடியிருந்தது. வெயில் ஏற ஏறக் கறி முறுகும் என்பது என் போன்றவர்களுக்குத் தெரிந்த விஷயம். சோம்பும் பூண்டும் தூக்கலாக மணந்தன. மறுபடியும் மசாலா தடவியிருக்கிறாள் என்று என் பெண்டாட்டியை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். காக்காய் அன்று கூடுதலாகவே தின்றது.

"இன்னைக்குமா?" என்றாள் மொக்கம்மாள்.

"ரெண்டு காக்கா."

"சோடியாவா?"

"புருசன் பொண்டாட்டி மாதிரிதான் இருந்துச்சு."

"ரெண்டும் தின்னுச்சா?"

"ஆண் காக்காதான் தின்னுச்சு. பொட்டைக் காக்கா கார்த்திகைக்கு வேணும், கார்த்திகைக்கு வேணும்னு கத்திக்கிட்டே இருந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சங்கிலியம்மாள் குரல் கொடுத்தாள். "எங்க வீட்டுக் கொடியில ஒரு காக்காயும் ஒக்காரலையே மதினி. அதே கருப்பசாமி கிடாதான்."

"காக்காய்க்குக் கைப்பக்குவம் தெரியும் தாயி. எந்த வீட்டுக் கண்டம் ருசின்னு பாத்துத்தான் ஒக்காரும்" என்று ஒரு போடு போட்டேன். மொக்கம்மாள் சிரித்தாள். சங்கிலியம்மாளும் சிரித்தாள். என் சாமர்த்தியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மொக்கம்மாள் தலை முழுகி, எள்ளும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு குச்சனூர் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, பிள்ளைகளையும் சங்கிலியம்மாளையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, என் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

"உங்களுக்காக நேந்துக்கிட்டு வந்துட்டேன்."

"என்னன்னு?"

"சாமி வாகனம் நம்ம கொல்லையத் தேடித் தேடி வருதுன்னா சும்மாவா? உங்க மேல கண்ணு வச்சிட்டாரு. அடுத்த கிடாவெட்டு வரைக்கும் எங்க வீட்டு ஆம்பளை கறியக் கையால தொட மாட்டாகன்னு நேந்துக்கிட்டேன்."

"அடுத்த கிடாவெட்டா! முழுசா ஒரு வருசம்ல?"

"ஏழரை வருசம்னு நேந்துக்கத்தான் போனேன். சந்நிதியில உங்க மொகம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. மனசு கேக்கலை, கொறைச்சுக்கிட்டேன்."

"காக்கா நல்லதுக்கும் வரலாம்ல?"

"நல்லதுக்குத்தான் வருது."

"சரி, நாளையிலேருந்து வரலைன்னா?"

"வரலைன்னா சாமி கோவிச்சுக்கிட்டாருன்னு அர்த்தம். அப்ப ஏழரைதான்."

வந்தாலும் விரதம், வராவிட்டாலும் விரதம். காக்காயே வரவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சோடிக் காக்காய் கதை அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. "குடுத்து வச்ச ஆம்பளைண்ணே நீங்க" என்று சங்கிலியம்மாள் என் காலைத் தொட்டு வேறு கும்பிட்டாள், அதுவும் பிசகின காலை.

நான் சோர்ந்துபோகவில்லை. நேர்த்திக்கடன் இலைக்குத்தான், கொல்லைக்கு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சனீஸ்வரரை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. வாய் ஊறியது அதைவிட அதிகம். வீட்டுக்குள் விரதக்காரனாகவும் வேப்பமரத்தடியில் காக்காயாகவும் இருந்தேன். கால் குணமாகி, கொடி இறங்குவதற்குள் பாதிக் கண்டம் என் வயிற்றுக்குள் போயிருந்தது. பானையைத் திறக்கும்போது இவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று கார்த்திகைக்காகக் காத்திருந்தேன். கார்த்திகைக்காக எங்கள் வீட்டில் நான் ஆசையோடு காத்திருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

கார்த்திகை வந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஒச்சாண்டி மச்சான் வந்தவர் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மொக்கம்மாள் குழவிக்கல்லை நகர்த்திப் பானையை இறக்கினாள். கண்டத்தை அம்மியில் வைத்துத் தட்டி, சின்ன வெங்காயம் வதக்கி, குழம்பு கொதித்தபோது அந்த வாசனைக்கு நான் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகள் இலையில் கறி விழுந்தது. மச்சான் இலையில் மலையாகவே விழுந்தது. என் இலையில் ரசம்.

"மாப்ள இன்னும் விரதந்தானா?" என்றார் மச்சான் எலும்பில்லாத கறியை மென்றுகொண்டே.

"இன்னும் நாலு மாசம்ணே" என்றாள் மொக்கம்மாள். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் வறுத்துப் போடலாம் என்று பானையைச் சாய்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பானை கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. "அதெப்படி நெறைய இருக்கும்? பாதியத் தின்னாச்சே!"

"யாரு தின்னது?"

"கா... காக்கா."

"காக்கா தின்ன கறி மொத நாள் வடக்கு ஓரத்துல இருந்தது மட்டுந்தான். மறுநாள் விடியவும் மிச்சக் கறிய எடுத்துச் சங்கிலி வீட்டுக் கொடிக்கு மாத்திட்டேன். அங்கனதான் காஞ்சுச்சு."

"அப்ப நம்ம கொடியில தொங்குனது?"

"அண்ணன் எறக்கிப்போட்ட பலாப்பிஞ்சு. அரை வேக்காடு வச்சு, சோம்பும் பூண்டும் அரைச்சுத் தடவிக் கோத்துவிட்டேன்."

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார். "ஏத்தா, காக்கா பலாப்பிஞ்சத் திங்குமா?"

"மத்தக் காக்கா திங்காதுண்ணே. நம்ம வீட்டுக் காக்கா திங்கும். சுட்டுத் திங்கும்."

மச்சானுக்குப் புரை ஏறிவிட்டது. பிள்ளைகள் அவர் தலையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மானம்தான் போயிற்று, கறியாவது மிஞ்சட்டும் என்று நான் கடைசி வாதத்தை எடுத்தேன்.

"சரி, ஒத்துக்கிறேன். காக்காயே வரலை. வராத காக்காய்க்கு நேந்துக்கிட்டது செல்லாது. எனக்கும் ரெண்டு துண்டு போடு."

"அதெப்படிச் செல்லாமப் போகும்? நீங்கதான் இம்புட்டு நாளும் சுத்தமாக் காத்திருக்கீகளே! நேந்துக்கிட்ட நாள்லேருந்து ஒரு துண்டு கறி உங்க வாயில படலை. மரத்தடியில தின்னதுகூட வெறும் காய்தான். இன்னும் நாலு மாசத்துக்காக அதக் கெடுத்துக்கலாமா?"

"புண்ணியவாளன் மாப்ள நீங்க" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மொக்கம்மாள் உள்ளே போய் ஒரு சின்னக் கலயத்தை எடுத்து வந்தாள். அதிலிருந்து கறுப்பாக இரண்டு துண்டுகளை என் இலையில் வைத்தாள். பலாப்பிஞ்சு. பதமாகச் சுட்டிருந்தாள்.

கோபத்தோடு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கோபம் தொண்டைக்கு வருவதற்குள் ருசி வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கரட்டில் மேய்ந்த கிடாவேதான். இரண்டாவதையும் தின்றுவிட்டு, ரசச் சோற்றை ஒதுக்கி இலையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் ரெண்டு போடு."

மொக்கம்மாள் அதற்குள் கலயத்தின் வாயைத் துணியால் கட்டிவிட்டாள்.

"அம்புட்டுத்தான். மிச்சம் சித்திரைக்கு வேணும்ல?"