பந்தய வண்டியின் கிளட்ச்சும் உன் மச்சானின் முழங்காலும்

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை காலை

அன்புத் தம்பி பால்பாண்டிக்கு,

அக்கா ஈஸ்வரி ஆசி கூறி எழுதுவது. நீயும் வித்யாவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கப் பரமசிவன் துணை நிற்கட்டும். இங்கே நான் நலம். உன் மச்சானும் இடுப்புக்கு மேலே நலம். இடது முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வேட்டியும் குத்துவிளக்கும் கொண்டு வந்தபோது, நீ மட்டும் லாரியில் ஒரு பந்தயக் காரைக் கொண்டு வந்து வாசலில் இறக்கினாய். எட்டு வருஷம் கோயம்புத்தூரில் நீ ஓட்டி, இரண்டு கோப்பையும் நெற்றியில் நாலு தையலும் வாங்கிய வண்டி. "மச்சானுக்குப் பொழுது போகும்க்கா" என்றாய். குரங்கணிக்கு முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டிய மனுஷன், அதை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: சாப்பாடு ஆச்சா, கரண்டு வந்துருச்சா. அதனால் நானும் சரி என்றேன். அது என் தப்பு. மிச்சத் தப்பெல்லாம் உன்னுடையது.

விளக்கு, ஹாரன், சைலன்சர், பின் சீட்டு எல்லாம் மாட்டி, ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாகக் காட்டி, ரோட்டில் ஓட்டச் சம்மதமும் வாங்கிவிட்டார் உன் மச்சான். கிளட்ச்சை மட்டும் தொடவில்லை. "பந்தயத்துல ஓடுன கிளட்ச்சு, யானை மிதிச்சாலும் தாங்கும்" என்று பெருமை வேறு. தாங்கும்தான் தம்பி, மிதிப்பதற்கும் ஒரு யானை வேண்டும் என்பதுதான் சங்கடம். முருங்கைக்காய் வாங்க மார்க்கெட் வரை போய் வந்தவர் காரிலிருந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டால், "எறங்கணும்னுதான் இருக்கேன், காலு வரமாட்டேங்குது" என்கிறார். நல்லெண்ணெய் போட்டு நீவியே என் கை நொந்தது.

அதற்கு வைத்தியம் காலுக்குப் பார்க்காமல் காருக்குப் பார்த்தார். அந்தக் கிளட்ச்சு கம்பியில் இழுப்பதில்லையாம், எண்ணெயில் தள்ளுவதாம். காலடியில் ஒரு சிலிண்டர் எண்ணெயைத் தள்ள, கியர்ப்பெட்டிப் பக்கத்துச் சிலிண்டர் அதை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும். உன் மச்சான் தேனியில் ஒரு பழைய சாமான் கடையில் சின்னதாக ஒரு சிலிண்டர் வாங்கி வந்து மேலே, பெடல் பக்கம் மட்டும் மாட்டினார். மிதித்துப் பார்த்துவிட்டு, "ஈஸ்வரி, வெண்ணெய்!" என்று கத்தினார். அந்த வெண்ணெயோடு சிலமலைக்குக் கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் கியரில் நின்ற வண்டியை, கிளட்ச்சை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். மிதித்தது கால்தான், கிளட்ச்சு விடவே இல்லை. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி வாழைமரத்தைச் சாய்த்துவிட்டது. பெண்ணின் மாமா திருப்பதி ஓடி வந்து, "அண்ணே, கட்டி அஞ்சு நிமிசங்கூட ஆகலையே!" என்றார். அவர் சொன்னது தாலியை. உன் மச்சான் கொஞ்சமும் அசராமல், "இப்பத்தான் கட்டுனீங்களா, அதான் ஊனல" என்றார்.

அன்று சாயங்காலம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டாம் வகுப்புக்கு இருபத்தாறு வருஷம் பாஸ்கல் விதி நடத்தியவள் நான். மேலே சின்னது, கீழே பெரியது என்றால் காலுக்கு லேசு, ஆனால் கீழே நகருகிற தூரம் குறைவு, கிளட்ச்சு விடாது. மேலே பெரியது, கீழே சின்னது என்றால் தூரம் கிடைக்கும், கால் போகும். இரண்டையும் பொருத்தம் பார்த்து மாட்ட வேண்டும் என்றேன். "பாடப்புத்தகத்த வண்டிக்குள்ள கொண்டாராத" என்று சொல்லிவிட்டு, நான் எதை வேண்டாம் என்றேனோ அதையே செய்தார்: மேலே பெரியது, கீழே சின்னது. "இனி விடாமப் போகுமா பாப்போம்!"

விட்டது. முந்தலுக்கு மேலே மூன்றாவது வளைவில் விட்டது. பூப்பாறையில் என் மகள் சூர்யகலாவின் பெண்ணுக்குக் காது குத்து, சூர்யகலாவின் தாய்மாமன் நீ வரவில்லை என்பதை இங்கே சொல்லிக்காட்டப் போவதில்லை. ஏற்றத்தில் கியர் மாற்ற ஏறி மிதித்தார். "டப்" என்று ஒரு சத்தம். உள்ளே ரப்பர் கிழிந்து, பெடல் தரையோடு படுத்துவிட்டது. என்ஜின் நின்றது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது, இடது பக்கம் ஒரே பள்ளம். அவர் பிரேக்கை ஏறி மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, வெரசா எறங்கு, கல்லு வை!" என்றார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை தம்பி. பட்டுச்சேலையோடு இறங்கி இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்புக்காரன் மனோஜ், மலையாளத்துப் பையன், "சேச்சி, பேடிக்கண்டா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலு கல் வைத்தான். பயப்படாதே என்கிறான் என்பது புரிந்தது, ஆனாலும் நான் இன்னொரு கல்லும் தேடினேன். அவன் ஜீப்பில் ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து போய்ப் பேத்திக்குக் காது குத்தினோம். சூர்யகலா காரணம் கேட்டபோது உன் மச்சான், "வண்டி கொஞ்சம் சூடாயிருச்சு" என்றார். அப்புறம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. கரண்டு வந்துருச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

வண்டியை மலையிலிருந்து கட்டி இழுத்து வீட்டில் சேர்த்த பிறகு, மூன்றாம் நாள் நானே மெக்கானிக் சோலையை வரவழைத்தேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "டீச்சர், கிளட்ச்சுப் பிளேட்டு ரேசுப் பிளேட்டு, ஸ்பிரிங்கு அம்புட்டு வெறப்பு. இதுக்கு எந்தச் சிலிண்டரப் போட்டாலும் ஒண்ணு காலு நோகும், இல்ல கிளட்ச்சு விடாது. பிளேட்ட ரோட்டு வண்டிக்கு உள்ளதா மாத்தி, மேல் சிலிண்டரு, கீழ் சிலிண்டரு ரெண்டையும் அந்தப் பிளேட்டுக்குத் தக்கன சோடியாப் போட்டாத்தான் சோலி முடியும்." நான் காலண்டர் தாளை நீட்டினேன். படித்துவிட்டு, "இதே கணக்குத்தான்" என்றார். உன் மச்சான் என்னைப் பார்த்து, "இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகு விவாகரத்து உண்டா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுது.

நேற்றோடு எல்லாம் மாட்டியாயிற்று. இப்போது வண்டி சாதுவாக இருக்கிறதாம். இருக்கிறதாம் என்று எழுதுவது, நான் ஏறாததால். ஏறவும் மாட்டேன். அந்த வளைவில் அவர் முகத்தைப் பார்த்தவள் நான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீயே லாரியோடு வந்து இதைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போ. அவரிடமும் சொல்லிவிட்டேன். சரி என்றார். ரொம்ப மெதுவாகச் சரி என்றார்.

வித்யாவின் இடுப்பு வலிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஆசியில் பாதி இப்போது, மீதி லாரி வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா
ஈஸ்வரி

பின்குறிப்பு: லாரி வேண்டாம். கவரை ஒட்டப் போனபோது உன் மச்சான், "கொண்டு போறதுக்கு முன்ன ஒருக்கா மிதிச்சுத்தான் பாரேன்" என்று கெஞ்சினார். மிதித்தேன். என் கணக்கு சரியாக இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தரம் மிதித்தேன். அப்புறம், அவர் ஜீப்பிலேயே ஓட்டிப் பழகி வாங்கிய என் லைசென்சை எடுத்துக்கொண்டு சிலமலை வரை நானே ஓட்டிப் போய்த் திரும்பினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். பாதி, "மெதுவாப் போ ஆத்தா" என்பதுதான், இருந்தாலும் பேச்சுப் பேச்சுதானே. உங்கள் கோயம்புத்தூரில் பெண்களுக்குத் தனிப் பந்தயம் நடக்கிறதாமே, அதில் சேர வயது வரம்பு உண்டா என்று கேட்டு எழுது. பதிலை என் பெயருக்கே போடு. அவர் பிரித்தால் பயந்துவிடுவார்.