பெரட்டு அண்ணே கூப்பிட்ட கடைசிப் பெயர்

தண்ணீரைக் கண்டு இவ்வளவு பயந்த மனிதர் பேராக் மாநிலத்தில் வேறு எவரும் கிடையாது. அதே பேராக்கில் இத்தனை குடும்பங்களை ஆற்றிலும் ஏரியிலும் அருவியிலும் இறக்கிவிட்டவரும் வேறு எவரும் கிடையாது. இருவரும் ஒரே ஆள்தான். ஈப்போவில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் வீட்டுக் குடியிருப்பில், அவருக்குப் பெயர் பெரட்டு அண்ணே.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. அண்ணே பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. பெரட்டை மட்டும் அவர் கையோடு கொண்டுவந்துவிட்டார். வாரநாளில் தொழிற்சாலை பஸ் ஓட்டுவார். பள்ளி விடுமுறை வந்ததும் ஒரு பஸ்ஸைப் பிடித்து, தாமான் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கோப்பெங் ஆற்றுக்கோ, கேமரன் மலைக்கோ, கிரிக் பக்கம் தெமெங்கோர் ஏரிக்கோ கிளம்பிவிடுவார். போகிற வழியெல்லாம் பெரட்டு நடக்கும்.

பஸ் கிளம்புமுன் ஒன்று. பெட்ரோல் நிலையத்தில் ஒன்று. எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு ஒன்று. போய் வரும்வரை பொறுக்க முடியாவிட்டால் கழிப்பறை வாசலிலேயே ஒன்று. தாப்பாவில் ஒருமுறை கதவுக்கு உள்ளேயிருந்து "இருக்கேன்ணே!" என்று ஒரு முனகல் கேட்டதும்தான் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

சட்டம் இரண்டு. அவரவர் பெயருக்கு அவரவரே வாயைத் திறந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். புருஷனுக்குப் பெண்டாட்டி சொல்வது, பிள்ளைக்கு அப்பன் சொல்வது எல்லாம் செல்லாது. ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பம். பட்டியலின் கடைசியில் "பெரட்டு!" என்று தன்னையே கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். அப்போதும் ஒருமுறை தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், சந்தேகம் வேண்டாமே என்று.

எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருக்கிறார். முதல் பயணத்தில் அவர் பதில் சொல்ல மறுத்துவிட்டார். "நாப்பது வருஷமா நான்தான் மற்றவையின்ர பேர் கூப்பிட்டனான். என்னை ஒருத்தரும் கூப்பிட வேண்டாம்" என்றார். அண்ணே பஸ் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிஷம் கழித்து, ஏர்கோன் இல்லாமல் வெந்துபோன டீச்சர், கையை உயர்த்தி "இருக்கிறன்" என்றார். பஸ்ஸே கைதட்டியது.

கோப்பெங்கில் ரப்பர்ப் படகில் ஆற்றில் இறங்கும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் லைஃப் ஜாக்கெட்டையும் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். ஜாக்கெட் மேலே வந்து ஆள் கீழே நின்றால் வாரை இறுக்குவார். ஆளும் சேர்ந்து மேலே வந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுப்பார். அதற்குப் பிறகு மூச்சு விடுவது உங்கள் சாமர்த்தியம். படகோட்டும் பையன்களைப் பிடித்து, "அந்தப் பாற நேத்தும் அங்கதான் இருந்துச்சா?" என்று விசாரிப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில், பையில் ஒரு பிளாஸ்டிக் மழைச்சட்டை, ஒரு பொட்டலம் பிஸ்கட். அதோடு ஒரு மந்திரமும் உண்டு. "தொலஞ்சா நடக்காத. ஒக்காரு. ஊது." பிள்ளைகள் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் நாங்களும் சிரித்தோம்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு எதுக்குண்ணே எங்கள ஆத்துக்கும் ஏரிக்கும் கூட்டிட்டு வாறீங்க? பேசாம வீட்டுல இருக்கலாம்ல?"

"வீட்டுல இருந்தா மட்டும் பயம் விட்டுருமா தம்பி? அங்க எதுக்குப் பயப்படுறோம்னே தெரியாதுலா. இங்க ஆறு கண்ணு முன்னாடி ஓடுது. பாத்துப் பயப்படலாம்" என்றார்.

இப்போது தெமெங்கோர் கதைக்கு வருகிறேன். ஐந்து வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி சரோவுக்கே இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரியப்போகிறது. ஆகையால் இந்த வாரம் முழுக்க என் சாப்பாட்டைக் கடையில் பார்த்துக்கொள்வதாக இருக்கிறேன்.

ஏரியில் படகுவீடு எடுத்துத் தங்கியிருந்தோம். மறுநாள் மத்தியானம் இரண்டு சின்னப் படகுகளில் ஏரியோரத்து அருவி ஒன்றுக்குப் போனோம். குளித்தோம், பொட்டலம் கட்டிக் கொண்டுபோன நாசி லெமாக்கைச் சாப்பிட்டோம். மூன்றரை மணிக்கு மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. அண்ணே முகம் அதைவிடக் கறுத்தது. "ஏறுங்க, ஏறுங்க! போலாம்!" என்று கத்தினார். சரோ முன்படகில் ஏறிவிட்டாள். நான் பின்படகில். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பதினொரு வயது. அவள் அம்மாவோடு முன்படகில் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, எட்டிப் பார்க்கவில்லை.

மழை விழ ஆரம்பித்துவிட்டது. இரண்டு படகிலும் இயந்திரம் இரைகிறது. கரையோரப் பாறையில் நின்றுகொண்டு அண்ணே பெரட்டு எடுக்கிறார். அன்றைக்கு அது ஐந்தாவது பெரட்டு. நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன், எரிச்சலில் பாதி, குளிரில் பாதி.

"யாழினி!"

பதில் இல்லை.

"யாழினி!"

இந்த இரைச்சலில் அவளுக்குக் காது கேட்டிருக்காது, இந்த மனுஷன் மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பிப்பார், இருபத்து மூன்று பெயர், அதற்குள் நாங்கள் எல்லோரும் ஊறிவிடுவோம். துண்டுக்குள் தலையை இன்னும் இழுத்துக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி, "இருக்கேன்!" என்று கத்தினேன்.

நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை செய்கிற காரியமா அது? செய்தேன். அண்ணே ஒரு கணம் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு வானத்தைப் பார்த்தார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார். முன்படகில் சரோ காதில், பின்படகிலிருந்து மகள் குரல் விழுந்தது. பிள்ளை அப்பனோடு இருக்கிறது என்று நிம்மதியாகிவிட்டாள்.

இருபது நிமிஷத்தில் படகுவீட்டை அடைந்தோம். எல்லோரும் துவட்டிக்கொள்ள உள்ளே ஓடினால், வாசலை மறித்துக்கொண்டு அண்ணே நிற்கிறார், நனைந்த பட்டியலோடு. ஆறாவது பெரட்டு. "அடோய், போதும்லா அண்ணே!" என்று எல்லோரும் கத்தினார்கள். நானும்தான்.

"யாழினி!"

சரோ என்னைப் பார்த்தாள். நான் சரோவைப் பார்த்தேன்.

அந்த நிமிஷத்தை எழுதச் சொன்னால் எனக்கு வராது. "ஒங்க கூடத்தான இருந்தா? கொரல் கேட்டுச்சே!" என்று சரோ கேட்டாள்.

பதில் சொன்னது அண்ணே. "என் தப்புத்தான் தங்கச்சி. எண்ணிக்கைய நான் விட்டுட்டேன். நீ இங்கயே இரு. வேற படகுல யாராச்சும் கூட்டிட்டு வந்தா, பாத்துக்க ஓராளு வேணும். நாங்க போய்க் கூட்டிட்டு வாரோம்." சொல்லிக்கொண்டே என்னைக் கையைப் பிடித்துப் படகுக்கு இழுத்துக்கொண்டு போனார். படகுக்காரர் ஒரு வயதான மலாய்க்காரர், பக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வானத்தைப் பார்த்தார், அண்ணே முகத்தைப் பார்த்தார், இயந்திரத்தை முடுக்கினார்.

அந்த ஏரியில் வேகமாகப் போக முடியாது. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். பார்க்காதவை கீழே நிற்கும். மழையில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அண்ணே என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். வாளித் தண்ணீரில் கால் வைக்கக்கூட யோசிக்கிற மனிதர், ஆடுகிற படகின் முனையில் எழுந்து நின்று விசில் ஊத ஆரம்பித்தார். ஊதுவார், காது கொடுப்பார், மறுபடியும் ஊதுவார்.

நடுவில், திரும்பிப் பார்க்காமலே பேசினார். "எங்கம்மாவுக்கு ஒருநா காச்சலு. பெரட்டுக்கு வர்ற வழியில தண்ணி ஓடுற காண் ஓரமா விழுந்துருச்சு. அங்க பேரு கூப்புடுறாங்க. பாவம், பக்கத்து வீட்டக்கா நல்ல மனசுல, 'இருக்கேன்'னு அம்மாவுக்காகச் சொல்லிருச்சு. மத்தியானம் வரைக்கும் யாரும் தேடல தம்பி. ஏன் தேடணும்? பேருதான் இருக்கே."

மறுபடியும் ஊதினார். காது கொடுத்தார்.

"அம்மா பொழச்சிக்கிச்சு" என்றார். பிறகு, "அது ஒம் பொண்ணு கொரல் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். மழ வருதேங்குற பயத்துல விட்டுட்டேன். ஊருப்பட்ட பயம் பயந்துட்டு, பயப்பட வேண்டிய எடத்துல பயப்படாம விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தாண்ணே..." என்று தொடங்கினேன். "அத அப்பறம் பாக்கலாம். இப்ப நீயும் ஊது" என்று என் கையில் ஒரு விசிலைத் திணித்தார்.

இரண்டு பேரும் ஊதினோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கன்னமெல்லாம் வலித்தது. பக்சிக்தான் முதலில் கையை உயர்த்தி, இயந்திரத்தை நிறுத்தினார். மழை இரைச்சலுக்குள்ளே எங்கிருந்தோ மெல்லிசாக, மூன்று முறை, ஒரு விசில் சத்தம்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல், பிளாஸ்டிக் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் விசில், ஒரு கையில் பாதி பிஸ்கட், மடியில் ஒற்றைச் சிலிப்பர். அந்தச் சிலிப்பரைத் தேடித்தான் பாறைக்குப் பின்னால் போயிருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணேயைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மாமா, நான் நடக்கல. ஒக்காந்தேதான் இருந்தேன்."

அண்ணே அவளைத் தூக்கிப் படகில் வைத்தார். ஜாக்கெட்டைத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு நம்புவீர்களோ மாட்டீர்களோ, கொட்டுகிற மழையில் எங்கள் நாலு பேருக்கும் பெரட்டு எடுத்தார். நான் "இருக்கேன்" என்றேன். யாழினி "இருக்கேன்" என்றாள். "பக்சிக்!" என்றதும், கிழவர் சிரிக்காமல், "அடா, அடா" என்று, மலாயில் 'இருக்கேன்' என்பதைச் சொன்னார். கடைசியாக "பெரட்டு!" என்று தன்னைக் கூப்பிட்டவர், பதில் சொல்ல முடியாமல் படகின் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாழினிதான் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் சரோ அவரைத் திட்டிய திட்டு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். தலையைக் குனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கப் போனபோது என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வருஷம் சரோ அவரோடு சரியாகப் பேசவில்லை. அதையும் அவர் எனக்காகச் சுமந்தார். எண்ணிக்கையை விடாத மனிதர், விட்டுவிட்டேன் என்று ஒரு தாமான் முன்னால் ஒப்புக்கொண்டார்.

போன பள்ளி விடுமுறைக்குக் கோப்பெங் போனோம். அண்ணே வரவில்லை. முழங்காலில் அறுவை செய்து, வீட்டில் படுக்கையில் இருந்தார். ஆனால் ஆற்றங்கரையில் நாங்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரோவின் கைப்பேசி அடித்தது. "எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றது குரல். கைப்பேசியைப் பாறைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். ஈப்போவில் படுத்துக்கொண்டே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னோம். டீச்சர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். யாழினிக்கு இப்போது பதினாறு வயது, "இருக்கேன் மாமா!" என்று கத்திவிட்டு ஒரு விசிலும் ஊதினாள்.

கடைசியில், பழக்க தோஷத்தில், "பெரட்டு!" என்றார்.

பட்டியல் காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது.

"சே... நான்தான் அங்க இல்லயே" என்றார். "அந்தப் பேர அடிச்சிர்றேன்."

அவர் பேனாவைத் தேடுவதற்குள் நான் கைப்பேசிக்குக் குனிந்து, என் சொந்தக் குரலில், தொண்டை கிழியக் கத்தினேன்: "இருக்காரு!"

"தம்பி, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லக் கூடாதுலா" என்றது குரல்.

அவர் சட்டத்தை நான் இரண்டு தடவை மீறியிருக்கிறேன். இந்தத் தடவை சொன்னது பொய் இல்லை.