தேசிக்காய்க் கரண்டில் ஒரு பெண் பார்ப்பு

விஞ்ஞானம் படிப்பிக்கிறவனைப் பெண் பார்க்கக் கூட்டிப் போவதென்றால், முதலில் அவனுடைய பையைச் சோதிக்க வேண்டும். என் அம்மா சோதிக்கவில்லை.

அப்போது நான் வெள்ளவத்தையில் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்த கையோடு கொட்டாஞ்சேனைக்குப் பெண் பார்க்கப் போனோம். என் பையில் செப்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணிகள், ஒரு குட்டி எல்இடி பல்ப். அம்மா கொண்டுவந்த தட்டில் வெற்றிலை, தோடம்பழம், புளிச் சாறு நிறைந்த தேசிக்காய். பெண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பேசாமல் வடையைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம்.

"பழத்தில கரண்ட் எடுக்கலாமாமே, மெய்யோ?" என்று அவள் கேட்டாள்.

"ஓம், இப்பவே காட்டுறன்!"

தட்டிலிருந்த தேசிக்காய்களையே எடுத்து, ஆணியும் கம்பியும் குத்தித் தொடுத்தேன். அம்மா கண்ணாலேயே எரித்தார். (அந்தக் கரண்டில் கொட்டாஞ்சேனை முழுவதும் வெளிச்சம் போட்டிருக்கலாம்.) பல்ப் எரிகிறது என்று நான் சத்தியம் செய்தேன். மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

"லைட்டை நூருங்கோ" என்றேன். அணைத்தார்கள். அப்போதும் தெரியவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் பார்த்து ஏற்றிய விளக்கு. நான் எழும்பிப் போய், பிறந்தநாள் மெழுகுதிரியைப் போல அதை வாயால் ஊதி அணைத்தேன்.

"ஐயோ பிள்ளையாரே!" என்று பெண்ணின் தாய் இருட்டுக்குள் அலறினார்.

"இப்ப தெரியுதோ?" என்றேன். (வெட்கம் கெட்டவன்.)

இருட்டுக்குள் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. "எனக்குத் தெரியுது."

"பொம்பிளை வீட்டு விளக்கை ஊதி நூர்த்த மாப்பிள்ளை உலகத்திலயே நீ ஒருத்தன்தான்ரா!" என்று ஓட்டோவில் அம்மா வெள்ளவத்தை வரும்வரை அழுதார். அவள் கிடைக்கமாட்டாள் என்று எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் அவளுடைய அப்பா போன் எடுத்தார். "தம்பி, தாய்க்காறிக்கு மனமில்லை. ஆனா பிள்ளை ஒற்றைக் காலில நிக்கிறாள்."

கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள், "அண்டைக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டது நீர் மட்டும்தான்" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"என்ன வெளிச்சம்? ஒரு மண்ணும் தெரியேல்லை. உங்களைப் பார்க்கப் பாவமாக் கிடந்தது, அதான் தெரியுதெண்டு சொன்னனான்."

இன்றைக்கும் நான் கொட்டாஞ்சேனை வீட்டுப் படியேறினால், மாமி உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "மருமோன் வாறார், விளக்கை எடுத்து உள்ளுக்கு வையுங்கோ!"

என் பிள்ளைகள்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.